பத்திய உணவைச் சொல்லிக் கொடுப்பது எப்படி: முதியவருக்கும் அவருக்குச் சமைப்பவருக்கும்

"உப்பைக் குறைங்க, இனிப்பு வேண்டாம், எண்ணெய் கூடாது." மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் முதியவருக்குப் பெரும்பாலும் இந்த மூன்று வரியும் ஓர் அச்சடித்த தாளும்தான் கிடைக்கும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. தாள் எங்கோ மடித்து வைக்கப்பட்டு, சமையல் பழையபடியே போகிறது. அல்லது வீட்டார் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள்; வாய்க்கு விளங்காத சாப்பாட்டைப் பெரியவர் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார். இரண்டாவதில்தான் ஆபத்து அதிகம். 75 வயதுக்கு மேல் கரைந்த தசை எளிதில் திரும்பாது. தசை போனால் எழுந்து நிற்கும் பலம் போகும், விழுவது கூடும், புண் ஆறுவது தள்ளிப்போகும்.

அதனால் கற்பிப்பவர் கையில் தடைப் பட்டியலைவிட ஒரு கேள்விக்கான பதில் தயாராக இருக்க வேண்டும்: நாளைக் காலை இவர் என்ன சாப்பிடுவார்?

"பத்தியம்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து முடியும்வரை இருந்துவிட்டு விட்டுவிடுவது என்றே அது பலர் காதில் விழும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சொல்லும் உணவுமுறை அப்படி முடிவதில்லை. எத்தனை நாளைக்கு என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேட்காமல் தொடங்காதீர்கள்

"பொதுவா என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் நல்ல பிள்ளைப் பதில்தான் வரும். "நேத்து காலையில எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்னென்ன சாப்பிட்டீங்க, குடிச்சீங்க?" என்று கேளுங்கள். டீயோடு போன பிஸ்கட், இரவு பத்து மணிக்குக் குடித்த பால், மாத்திரைக்குக் குடித்த தண்ணீர் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அடுத்து, யார் வாங்குகிறார், யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார்? பல வீடுகளில் இது மூன்று பேர். நோயாளியோடு வந்திருப்பவர் இந்த மூவரில் ஒருவராகக்கூட இல்லாமல் போகலாம். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் இல்லாமல் பாடத்தைத் தொடங்குவது வீண். நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல், பல்செட், வாய் வறட்சி, குடிக்கும்போது இருமல் ஆகியவற்றை விசாரியுங்கள். பிறகு எடை. ஒரே மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ முயற்சி இல்லாமல் குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆகியிருந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டார். பழைய எடை தெரியவில்லை என்றால் மோதிரம் தளர்ந்ததா, உடுப்பு தொளதொளக்கிறதா என்று கேட்கலாம். இப்படி மெலிந்துகொண்டிருப்பவருக்குப் புதிய தடைகளைக் கற்பிக்கும் முன் மருத்துவரோடு பேசுங்கள். வயது முதிர்ந்து, பல நோய்களும் உள்ளவருக்குச் சர்க்கரை, கொழுப்பு இலக்குகளைத் தளர்த்துவது வழக்கத்தில் உள்ளதுதான்.

ஒரே ஆளுக்கு நாலு நோய், நாலு தாள் என்பதும் அடிக்கடி பார்க்கும் காட்சி. சர்க்கரை நோய்த் தாள் முழுதானியமும் பருப்பும் சாப்பிடச் சொல்லும். சிறுநீரகத் தாள் அவற்றையே அளவோடு நிறுத்தச் சொல்லும். இரண்டையும் கையில் வாங்கிய மகளுக்கு அடுப்பைப் பற்றவைக்கவே பயமாக இருக்கும். இப்போதைக்கு எந்த நோய்க்கு முதலிடம் என்று மருத்துவரிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே தாளாக்கி, பழைய தாள்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

உட்காரும் இடமும் பேசும் விதமும்

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், உதட்டசைவு தெரியாது. வயதால் வரும் காதுக் குறைவில் உச்ச சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். கத்தினால் குரல் மேலே ஏறி இன்னும் கேட்காது. குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தாளில் எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். வயதான கண்ணுக்கு நீலமும் பச்சையும் பிரித்தறியக் கடினம்.

மருத்துவ அறையில் கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் வரும் கணக்கு. ஆகவே ஓர் அமர்வுக்கு இரண்டு செய்திகள், 15 அல்லது 20 நிமிடம் போதும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், ரசீதும் மருந்துப் பையும் கையிலிருக்கும்போது, எதையும் புதிதாகக் கற்பிக்க வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு உலகில் ஒரே பதில்தான்: "புரிஞ்சுது." அதற்குப் பதிலாக, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். சோதனை உங்களுக்குத்தான் என்று தோன்றும்படி கேட்பது முக்கியம்.

"அம்மா, நான் சரியா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் மருமகள்கிட்ட உப்பைப் பத்தி என்ன சொல்வீங்க?"

"கொஞ்சமா போடச் சொல்றேன்."

பாடம் இன்னும் இறங்கவில்லை. "கொஞ்சம்" ஓர் அளவே இல்லை. உப்பு டப்பாவையும் கரண்டியையும் அவர் முன் வைத்து, "எவ்வளவுன்னு எடுத்துக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். கை தவறினால் வேறு சொற்களில் மறுபடி சொல்லிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

உப்பு

உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2,000 மி.கி. சோடியம். பொடி உப்பில் அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணைச் சொல்வதால் மட்டும் எதுவும் மாறாது. வீட்டின் உண்மை அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது: உப்புப் பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது?

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தால், 1000 ÷ 30 ÷ 4 = தலைக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல். கழுவவும் ஊறவைக்கவும் போன உப்பு இதில் சேர்ந்திருக்கும், வெளியே வாங்கிச் சாப்பிட்டது சேர்ந்திருக்காது. ஆனாலும் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்த வீட்டார் அதிகம் வாதாட மாட்டார்கள். அடுத்த பாக்கெட்டில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குறைந்திருக்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி.

குறைக்கும் முறை: முதியவரின் ஒரு நாள் உப்பைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்துவைத்துவிடுங்கள். ரொட்டி, பிஸ்கட், பதப்படுத்திய உணவு வழியாக ஒரு பங்கு எப்படியும் உள்ளே போவதால், மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை டப்பாவில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி, ஏறக்குறைய இரண்டரை முதல் 3 கிராம், போதும். அவருக்கான பங்கை உப்பில்லாமல் தனியே எடுத்து, கடைசியில் இந்த டப்பாவிலிருந்து தூவுங்கள். மேலாகத் தூவிய உப்பு நாக்கில் சட்டென்று தெரியும். கொதிக்கும்போது போட்டால் அதே சுவைக்கு அதிக உப்பு தேவைப்படும். கல் உப்பில் பருக்கைகளுக்கு இடையே காற்று இருப்பதால் ஒரு கரண்டியின் எடை பொடி உப்பைவிடக் குறைவு. வீட்டில் எது இருக்கிறதோ அதை ஒருமுறை எடைபோட்டுக் கரண்டியில் கோடு போட்டுவையுங்கள்.

சப்பென்று இருக்கிறது என்ற புகார் கட்டாயம் வரும். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் நாலாம் நாளே உப்பு டப்பா மேசைக்குத் திரும்பிவிடும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, இஞ்சி, வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியவை அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

தவறு நடக்கும் இடங்கள் சில. இந்துப்பு, பிங்க் உப்பு, கடல் உப்பு எல்லாமே ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறுவதால் இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் மாறாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களும், எனலாப்ரில், லோசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த, இதய மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கிறது. நாளுக்கு நாலு போட்டால் சமையலறையில் பட்ட பாடெல்லாம் வீண். லேபிளில் "சோடியம்" என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், அதுதான் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 600 மி.கி. சோடியத்தைத் தாண்டினால் அது அதிக உப்புள்ள பொருள், 120-க்குக் கீழே என்றால் குறைவு.

உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்குச் சோடியம் தாழ்ந்து போவது அபூர்வமில்லை. அப்போது வரும் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் வயதுக் கோளாறு என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள்.

தண்ணீருக்கு அளவு இருந்தால்

இதயம் பலவீனமான சிலருக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்பதுபோல் வரம்பு வைப்பார்கள். அதைக் கணக்கெழுதிக் காப்பாற்றுவது கடினம். பாட்டில் முறை எளிது. காலையில் ஒரு பாட்டிலில் ஒன்றரை லிட்டர் நிரப்புங்கள். பெரியவர் டீ, பால், சூப், கஞ்சி என எதைக் குடித்தாலும் அதே அளவை இந்தப் பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். தண்ணீர் குடித்தால் இதிலிருந்தே குடிக்கட்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ஐஸ் கட்டியும் ஐஸ்கிரீமும் கணக்கில் உண்டு. எந்த டம்ளர் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று முதல் நாளே அளந்துவையுங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வரம்பு வைக்கப்படாதவர்களிடம் இதற்கு நேர்மாறான பாடம்: வயதானால் தாக உணர்வு மழுங்கும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் வேளைக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும்.

சர்க்கரை நோய்

இனிப்பை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்பதே இங்கே பெரிய தவறான எண்ணம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் குளுக்கோஸாகத்தான் முடியும். தட்டில் கோடு போட்டுக் காட்டுங்கள்: பாதி காய்கறி, கால் பங்கு மாவுப்பொருள், கால் பங்கு புரதம். சாப்பிடும் தட்டையே கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் படத்தில் காட்டுகிற தட்டும் அவர்கள் வீட்டுத் தட்டும் ஒரே அகலம் என்று நினைக்க வேண்டாம்.

முதியவருக்குச் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவது உடனடி ஆபத்து. இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் தாழ்நிலை வரும். இளையவரைப் போல வியர்வையும் நடுக்கமும் வந்துதான் தெரியும் என்றில்லை. பேச்சு குழறல், திடீர்க் கோபம், மந்தம் மட்டும் வரலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்குப் படபடப்பே தெரியாமல் போகலாம். வீட்டார் செய்ய வேண்டியது:

1. சந்தேகம் வந்தால் உடனே சோதியுங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே என்றால் தாழ்நிலை. கருவி இல்லையென்றால் தாழ்நிலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
2. 15 கிராம் சர்க்கரை கொடுங்கள்: தலைதட்டிய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை தண்ணீரில் கரைத்து, அல்லது 120 முதல் 150 மி.லி. பழச்சாறு. சிறுநீரக நோயாளிக்குச் சர்க்கரைத் தண்ணீரே மேல்.
3. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள்.
4. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். பலகாரத்துக்கும் சாக்லேட்டுக்கும் இந்த நேரத்தில் வேலை இல்லை, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

புரதமும் சிறுநீரகமும்

சிறுநீரகம் நன்றாக உள்ள முதியவருக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையென்றால் 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் (200 மி.லி.) பாலில் 6 முதல் 7, வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9, சமைத்த மீன் 100 கிராமில் 20-க்கு மேல். எல்லாவற்றையும் ஒரே வேளையில் தள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். பசி இல்லாதவருக்கு அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதே வழி: கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராமைக் கஞ்சியில் கலந்தால் 10 கிராம் புரதம் சேரும், ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி தரும்.

சிறுநீரக நோய் என்றால் இந்தக் கணக்கு மாறும். டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லலாம். டயாலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொல்வார்கள். பழைய தாளை அப்படியே பின்பற்றி மெலிந்துபோகிறவர்கள் இந்தத் திருப்பத்தில்தான் உண்டாகிறார்கள். பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால், காயைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆவியில் வேகவைத்தால் பொட்டாசியம் உள்ளேயே தங்கிவிடும். வடித்த தண்ணீரைச் சத்து வீணாகிறதே என்று சூப்பில் சேர்ப்பவர்கள் உண்டு. அதைக் குறிப்பாகக் கேட்டுத் தடுங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவர்

பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களுக்கு உணவின் பதமே மருந்து. இதில் "மசிச்சுக் குடுங்க", "கெட்டியா குடுங்க" என்ற சொற்கள் உப்பின் "கொஞ்சம்" மாதிரியே உதவாதவை. இதற்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுகோல் இருக்கிறது. 0 முதல் 7 வரை எண்கள்; 0 தண்ணீர் போன்ற பானம், 7 வழக்கமான உணவு. விழுங்குதல் நிபுணர் சொன்ன எண்ணைத் தாளில் பெரிதாக எழுதுங்கள்.

திரவத்தைச் சோதிக்க ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு போதும், ஆனால் 0 முதல் 10 வரையிலான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், நீளம் மாறினால் முடிவும் மாறும். முனையை விரலால் அடைத்து 10 மி.லி. நிரப்பி, விரலை எடுத்து, 10 வினாடியில் மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மி.லி.-க்குள் என்றால் நிலை 0, 1 முதல் 4 வரை நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8-க்கு மேல் நின்றாலும் ஓரளவு ஒழுகினால் நிலை 3. ஒழுகவே இல்லை என்றால் நிலை 4 அல்லது அதற்கு மேல். நிலை 4 உணவு கரண்டியில் உருவம் கலையாமல் நிற்க வேண்டும். கரண்டியைச் சாய்த்து லேசாக உதறினால் ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொள்ளக் கூடாது. நிலை 5-இல் துண்டுகள் 4 மி.மீ., ஏறக்குறைய முள்கரண்டிப் பற்களின் இடைவெளி. நிலை 6-இல் ஒன்றரை செ.மீ. வரை.

மாவுச்சத்துத் தூளால் கெட்டியாக்கிய பானம் நேரமாக ஆக இன்னும் இறுகும். வாயில் எச்சில் பட்டதும் நீர்த்தும் போகும். குடித்த கரண்டியையே பானத்தில் விட்டுக் கலக்கினால் டம்ளர் முழுதும் நீர்க்கும். சாந்தன் பசைத் தூளில் இந்தத் தொல்லை குறைவு. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் பார்வைக்குக் கெட்டி, வாயில் தண்ணீர்; கெட்டித் திரவம் மட்டுமே அனுமதிக்கப்பட்டவருக்கு அவை கூடாது. சோறும் சூப்புமாகத் திடமும் திரவமும் கலந்ததும் அப்படியே.

ஊட்டுபவர் எதிரே உட்கார்ந்து, நோயாளியை நிமிர்த்தி, ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பல்லைத் துலக்குங்கள். வாயிலுள்ள கிருமி நுரையீரலுக்குப் போவதுதான் நிமோனியாவுக்கு ஒரு முக்கிய வழி. சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பதும், காரணமில்லாமல் காய்ச்சல் வந்து வந்து போவதும் அடையாளங்கள். சிலருக்கு இருமலே இல்லாமல் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும்.

மருந்தோடு மோதும் உணவுகள்

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குக் கீரை விலக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். விலக்கத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருக்க வேண்டும். கீரையைத் திடீரென நிறுத்தினால் இரத்தம் அதிகமாக நீர்க்கும், திடீரெனக் கூட்டினால் மருந்து வேலை செய்யாது. தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பிட 30 முதல் 60 நிமிடம் முன்பு. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி. கிரேப்ஃப்ரூட் பழம், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையோடு சேரக் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் சண்டை

ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று மகன் புகார் சொல்வார். பட்டினி போடுகிறார்கள் என்று அப்பா சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். வீட்டாரைக் காவலர்களாக்கும் பத்தியம் நீடிக்காது. பெரியவரிடமே கேளுங்கள்: "ஐயா, எதை மட்டும் விடவே முடியாது?" அந்த ஒன்றை அளவோடு, நாள் குறித்து உள்ளே கொண்டுவந்து, வேறு இடத்தில் ஈடுகட்டுங்கள். வீடே ஒரே சமையல் சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உப்புக் குறைப்பதால் மற்றவர்களுக்கும் நட்டமில்லை.

மறதி நோயாளியிடம் விளக்கம் செல்லாது. "நீங்க சாப்பிடக் கூடாது" என்று பத்து முறை சொல்வதைவிட, பொருள் கண்ணில் படாமல் வைப்பது மேல். தட்டின் நிறம் உணவின் நிறத்திலிருந்து வேறுபடட்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெரியாமலே போகலாம். ஒரு நேரத்தில் ஒரு பண்டம் வையுங்கள். கரண்டி பிடிக்கத் தடுமாறினால் கையில் எடுத்துத் தின்னக்கூடியதாகக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, பத்தாம் நாள் இன்னொன்று. "எப்படிப் போகுது?" என்று கேட்க வேண்டாம். இன்று காலை எடை எவ்வளவு, உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி என்ன, நேற்று இரவு தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று கேளுங்கள். தட்டில் பாதிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் மிஞ்சினால், அடுத்த தடையைக் கற்பிப்பதை நிறுத்திவைத்துவிட்டு முதலில் அவரைச் சாப்பிட வைக்கும் வழியைப் பாருங்கள்.